சுண்ணாம்பு டப்பா கைப்பையில்

சரவணம்பட்டி ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்திலும், தூங்கிக்கொண்டிருந்த கணவனுக்குச் சுகந்தி ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

“ஏனுங்க, இட்லி ஹாட்பாக்ஸுல இருக்குது. தேங்காச் சட்னிய மத்தியானம் வரைக்கும் வெக்காதீங்க, ஊசிப்போயிரும். சாயங்காலம் உங்க தங்கச்சி கைக்குழந்தையோட மொதத்தடவ நம்மூட்டுக்கு வாராங்க.

நேத்து மஞ்சள் தடவுன காயிதத்துல நீங்க சோப்புத் தண்ணிய வெச்சதும் செவந்துச்சு. ‘அப்பா மேஜிக்’குன்னு கனிஷ்கா துள்ளுனா. அவ பொறந்ததுல இருந்து அவ கண்ணு முன்னாலதான் மஞ்சத்தண்ணில சுண்ணாம்பக் கரைச்சு ஆரத்தி எடுக்கறேன். அதுவும் அப்படித்தானுங்க செவக்குது. ஒருநாளாச்சும் எனக்குக் கை தட்டுனாளா?”

எழுதி முடித்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, சீட்டின் அடியில் நுணுக்கி எழுதினாள்.

“அவங்க முன்னாடியே வந்துட்டா, கீழயே பேச்சுக் குடுத்து நிறுத்தி வைங்க. ஆரத்தி நாந்தான் கரைப்பேன். நீங்க முந்திக்கக் கூடாதுன்னு சுண்ணாம்பு டப்பாவ எடுத்துட்டுப் போறேன். சோப்பப் போட்டுக் கரைச்சுப்போடாதீங்க!

கனிஷ்காவ எம்பக்கத்துல நிக்க வைங்க. ‘எப்படிச் செவந்துச்சு’ன்னு அவ கேட்டா, நீங்க வாயத் தொறக்கக் கூடாது.”