குப்பியில் தெளிந்த மருந்து

என் அக்கா ஜெசிந்தாவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வந்தேன். உன் கல்லறைக்கு அம்மா வெள்ளையடித்து வைத்திருந்தாள். தங்கச்சிமடத்தில் பாதிப்பேர் மெழுகுவர்த்தியோடு அங்கேதான் நின்றார்கள். உனக்குக் கூட்டம் பிடிக்கும், அதனால் சொல்கிறேன்.

அம்மா ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறாள். அதைச் சொல்லுமுன் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உனக்கு ஏற்றிய புற்றுநோய் மருந்து தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற திரவத்தால்தான் முதல் நாளே உனக்கு மூச்சு முட்டியது என்று நினைக்கிறேன். அந்தத் திரவம் இல்லாமல் மருந்தைச் சுமக்க எங்கள் ஆய்வகம் வழி தேடுகிறது. அதற்கு நாங்கள் எடுத்த பாலிமர் இழைகளின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்கு ஆகாது. தண்ணீரில் விட்டால் ஆகாத முனைகள் உள்ளே ஒதுங்கி, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகும். மைசெல் என்று பெயர். மருந்து அதன் நடுவில் போய் ஒளிந்துகொள்ளும்.

எவ்வளவு மருந்து உள்ளே போகும், எத்தனை நாள் தங்கும் என்பதெல்லாம் மருந்துக்கும் உருண்டையின் நடுவுக்கும் உள்ள வேதி ஒட்டுதலைப் பொறுத்தது. மருந்து மூலக்கூறில் அணுக்களால் ஆன வளையங்கள் உண்டு. உருண்டையின் நடுவிலும் வளையங்கள் வைத்தோம். ஒன்றின் மேல் ஒன்று படிந்து, முன்பைவிட அதிக மருந்து உள்ளே போனது. குப்பி கலங்காமல் தெளிவாக நின்றது. அந்தச் சந்தோஷத்தில் அம்மாவுக்குப் படம் அனுப்பினேன்.

ஆனால் ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் கலந்தால் அதிலுள்ள புரதங்கள் மருந்தை வெளியே இழுத்துவிடுகின்றன. ஒட்டுதலை இன்னும் கூட்டினால், போக வேண்டிய இடத்துக்குப் போயும் உருண்டை மருந்தை விடமாட்டேன் என்கிறது. உன் பிடிவாதம் அதற்கு எப்படி வந்தது?

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டு, மகள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்ததற்காக நன்றிப் பூசை எழுதிக் கொடுத்துவிட்டாள். பங்குச் சாமியாரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஊரறிய வாசித்துவிட்டார். அதைக் கேட்டுவிட்டுத்தான் நம் எதிர்வீட்டு ரெஜினா மதினி மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டார். அவருக்கும் உன் நோய்தான். முதல் மருந்து ஏற்ற வேண்டிய நாள் கடந்துவிட்டது.

கல்லறையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க அக்காவுக்கு மூச்சு முட்டுனப்ப நாந்தான செல்வி கூட இருந்தேன். அந்த மருந்துக்கு நான் போகமாட்டேன். ஒன் மருந்து வரட்டும்."

"அது இன்னும் எலிக்குக்கூடப் போடல மதினி."

"சாமியாரு வாசிச்சாரே?"

"அவரு எங்கம்மா எழுதிக் குடுத்தத வாசிச்சாரு."

எங்கள் மருந்து குப்பியில் நிற்கிறது, ரத்தத்தில் நிற்கவில்லை என்றேன். மீன்பெட்டி துறையில் நன்றாக இருந்தால் போதுமா, மதுரையில் திறக்கும்போதும் கெடாமல் இருக்க வேண்டாமா என்று கேட்டேன். அவருக்குச் சட்டென்று புரிந்தது. முகம் சுருங்கியது.

"எப்பத்தான் வரும்?"

"தெரியாது மதினி. வராமலும் போகலாம். நோய் அதுவரைக்கும் காத்திருக்காது."

"அப்ப ஜெசிந்தாவுக்கு ஏத்துனதத்தான் எனக்கும் ஏத்திக்கிறச் சொல்றியா?"

"ஆமா."

உன் கல்லறைக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த 'ஆமா'வைச் சொன்னேன். உன்னைக் கொண்டுபோனது நோய், அந்த மருந்து அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, அரைமனதோடு சம்மதித்த அவரைப் பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிவந்தேன். உனக்கு நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். ஒவ்வாமைக்கான ஊசியை முதலில் போட்டுவிட்டு, மருந்தை மெதுவாக ஏற்றுகிறார்கள். பாதி இறங்கிவிட்டது. நர்ஸ் அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போகிறார். மதினி மூச்சு சீராக விட்டுத் தூங்குகிறார். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை அவர் நெஞ்சைப் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு ஏற்றியபோது மதினியும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா?

எங்கள் உருண்டைகள் ரத்தத்தில் நிலைக்குமா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. மதினிக்குக் கடைசி மருந்து ஏறி முடிகிறவரை, ஒவ்வொரு முறையும் இந்த நாற்காலியில் நான் இருப்பேன். அதற்கு வாக்குக் கொடுக்கிறேன்.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
செல்வி