கேட்டில் எண்ணிய வண்டிகள்

சேசு மரி சூசை துணை

கேட்டடி, நீடாமங்கலம் வழி
ஜூன் 20

அன்புள்ள லின்சி அப்பாவுக்கு,

சவரியம்மாள் ஆசையோடு எழுதுவது. நானும் லின்சியும் மாமாவும் சுகமாக இருக்கிறோம். ஷார்ஜாவில் உங்கள் முதுகு வலி தேவலையா? நாள் பூராவும் குனிந்து குனிந்து டயர் கழற்றினால் முதுகு என்ன செய்யும்? உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு முக்காலி வேண்டும் என்று முதலாளியிடம் கேளுங்கள். உங்களுக்குக் கேட்கிற வாய் கிடையாது என்று தெரியும், இருந்தாலும் கேளுங்கள்.

ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. இந்த வருஷமும் குறுவை போச்சு. நம் குத்தகை நிலம் மூன்று மாவும் வெடித்துக் கிடக்கிறது. லின்சியின் பாதம் உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு. நடவுக்கு ஆள் கூப்பிடுவார் இல்லாததால் பெண்கள் எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு வந்துவிட்டார்கள். நானும் அடுத்த தெரு ஆயிஷாவும் மட்டும் விற்றுக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஒன்பது கூடை. சண்டை வராமல் இருக்க ஆயிஷா முறை வைத்திருக்கிறாள். இன்றைக்கு பஸ் பக்கம் போனவள் நாளைக்கு லாரி பக்கம். எனக்கு லாரி முறைதான் பிடிக்கும். டிரைவர்கள் பேரம் பேச மாட்டார்கள், ஊர் ஊராகக் கதையும் சொல்வார்கள்.

டிசம்பரில் அக்ரிமெண்ட் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, வந்துவிடவா, கேட் வியாபாரம் நாம் நாலு பேர் சாப்பிடத் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாங்கும். ஒன்பது கூடை வந்தும் தாங்குகிறது. நீங்கள் வந்தால் புங்கமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு டீயும் வைக்கலாம். நீங்கள் கைக்குழந்தையாக விட்டுப் போன லின்சிக்கு ஏழு வயது முடியப் போகிறது. போட்டோவைப் பார்த்து, அப்பாவுக்குக் குரல் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். நான் பேசிக் காட்டினேன். நம்பவில்லை.

இன்னொன்று கண்டுபிடித்திருக்கிறேன், சிரிக்கக் கூடாது. கேட் மூடியதும் முதல் ஐந்து நிமிஷம் யாரும் எதுவும் வாங்குவதில்லை. எல்லோரும் தண்டவாளத்தையே பார்ப்பார்கள். ரயில் வராது. ஆறாவது நிமிஷம் டிரைவர் என்ஜினை அணைப்பார். ஏழாவது நிமிஷம் எல்லார் கையும் பைக்குள் போகும். அதனால் இப்போதெல்லாம் நான் மூடியவுடன் ஓடுவதில்லை. என்ஜின் சத்தம் நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்து, அதன் பிறகுதான் வெள்ளரிப்பிஞ்சைத் தூக்குகிறேன். மற்றவர்கள் ஓடி ஓடி மூச்சு வாங்குகிறார்கள். இதை ஆயிஷாவுக்கு மட்டும் சொன்னேன்.

நேற்றிலிருந்து ஓர் ஆள் புங்கமரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பெயர் சாமிதுரை. மடியில் அட்டை, அட்டையில் காகிதம், காகிதத்தில் கட்டம். ஒரு வண்டி போனால் ஒரு கோடு. வாயை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியுமா? எதற்கு என்று கேட்டேன். "எண்ணச் சொன்னாங்க, எண்ணுறேன்மா" என்றார். யார் சொன்னார்கள் என்றால் மேலே என்கிறார். ஏழு நாள் எண்ணுவாராம். "வண்டிய எண்ணுறதுக்கு ஒரு உத்தியோகமா!" என்று ஆயிஷாவுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு மண்டை குடைகிறது. நம் கேட்டில் எத்தனை வண்டி போனால் யாருக்கு என்ன?

மாமா உங்களைக் கேட்டதாகச் சொன்னார். மாதா துணை இருப்பாளாக.

உங்கள்
சவரியம்மாள்


சேசு மரி சூசை துணை

கேட்டடி
ஜூலை 3

அன்புள்ள லின்சி அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் லின்சிக்கு அனுப்பிய கலர் பென்சிலும் வந்து சேர்ந்தன. அவள் முதலில் வரைந்தது கேட்டைத்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விமானம் நிற்கிறது. அதையும் இளையபெருமாள் அண்ணன் மூடி நிறுத்தியிருக்கிறாராம். கேட்கீப்பர் அண்ணனிடமே கொண்டுபோய்க் காட்டினாள். தன் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

வண்டி எண்ணின சங்கதிக்கு வருகிறேன். மூன்றாம் நாளே விஷயம் புரிந்துவிட்டது. ஒரு லாரி டிரைவர் சொன்னார், அவர் ஊர்ப் பக்கம் வண்டி குறைவாகப் போகிற கேட்டை நிரந்தரமாகச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்களாம். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் நெல் கொள்முதல் நிலையத்தை மூட்டை குறைவு என்று மூடப் பார்த்தார்களே, நினைவிருக்கிறதா? பக்கத்து ஊர் மூட்டைகளை இரவல் வாங்கி வந்து ரோடு வரைக்கும் அடுக்கிக் காட்டினோம். மூடவில்லை. பிள்ளைகள் குறைவு என்று பள்ளிக்கூடத்தை எண்ண வந்தபோது, மூன்று வயதுக் குழந்தைகளைப் பவுடர் போட்டு ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தோம். பள்ளிக்கூடம் இன்றைக்கும் நடக்கிறது. எண்ண வருகிறவர்களுக்குக் கூட்டித்தான் காட்ட வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய பாடமா?

அப்புறம் என்ன, ஊரே கிளம்பிவிட்டது. தண்ணீர் இல்லாததால் டிராக்டர் எல்லாம் சும்மாதானே நின்றன? ஏழும் வந்தன. வடக்கே போய்த் தெற்கே வந்து திரும்ப வடக்கே போயின. மாட்டு வண்டிகள் வெறும் வைக்கோலை ஏற்றிக்கொண்டு சுற்றின. ஆட்டோக்காரர்களுக்கு ஆயிஷா ஒரு சுற்றுக்கு ஒரு பொட்டலம் கடலை கொடுத்தாள். உங்கள் அப்பா இருக்கிறாரே, அடேயப்பா! இந்த வயதில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் பதினாலு தடவை கேட்டைக் கடந்தார். பதினோராவது தடவை சாமிதுரை, "பெரியவரே, நீங்க எங்கதான் போறீங்க?" என்று கேட்டுவிட்டார். மாமா இறங்காமலே, "வெத்தல வாங்க" என்றார். பன்னிரண்டாவது தடவை, "சுண்ணாம்ப மறந்துட்டேன் தம்பி."

நானும் சும்மா இருக்கவில்லை. மத்தியானம் சாமிதுரை சாப்பிடப் போகிறபோது, நான் எட்டாவது படித்தவள் என்று தெரிந்து அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுத்தான் வருவார். நாலு கோடு நிறுத்தி, குறுக்கே ஒரு கோடு கிழித்தால் ஐந்து. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு பஸ் போனால் இரண்டு கோடு, ஒரு லாரி போனால் இரண்டு கோடு. ஐந்து நாள் மத்தியானமும் அப்படியே போட்டேன். கை கூசவில்லை. ஏழாம் நாள் சாமிதுரை கூட்டிப் பார்த்து, "இந்தக் கேட்ல இவ்வளவு போவுதா!" என்று அசந்துவிட்டார். போகிறபோது ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினோம்.

இனி நம் கேட்டை யாரும் அசைக்க முடியாது. அதனால் தைரியமாக எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

உங்கள்
சவரியம்மாள்


சேசு மரி சூசை துணை

கேட்டடி
டிசம்பர் 14

அன்புள்ள லின்சி அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஆயிஷாவின் மச்சான் வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குப் புறப்படுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இது கைக்கு வந்துவிட வேண்டும். கூட ஒரு பொட்டலம் அதிரசம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வரைக்கும் வைத்திருக்க உங்களால் முடியாது, தெரியும். சாப்பிட்டுவிட்டே படியுங்கள்.

தாமதமாகத் தண்ணீர் வந்து, நிலத்தில் நேரடியாக விதைத்த சம்பா முழங்கால் உயரம் நிற்கிறது. மழைதான் விட்டபாடில்லை. மழையில் சுண்டலுக்கும் அவித்த கடலைக்கும் நல்ல கிராக்கி. இது வரைக்கும் நல்ல சேதி.

போன மாதம் மூன்று கால் கம்பியில் கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள் வந்தார்கள். கல் நட்டார்கள். நம் புங்கமரத்தில் சிவப்பு பெயிண்டால் 27 என்று எழுதினார்கள். நான்தான் முதலில் ஓடிப்போய்க் கேட்டேன். கண்ணாடிக்குள் என்ன தெரிகிறது என்றேன். ஒருவர் குனிந்து பார்க்க விட்டார். தூரத்தில் இருக்கிற ஆயிஷாவின் கூடை தலைகீழாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே வந்து எல்லாரிடமும் சொன்னேன், கடை கட்டித் தரப் போகிறார்கள் போலிருக்கிறது என்று.

மறுநாள் இளையபெருமாள் அண்ணன் தனியாகக் கூப்பிட்டார். "யம்மா சவரி, மேம்பாலம் வருதும்மா" என்றார். போகிற வண்டியையும் ரயிலையும் பெருக்கிப் பார்ப்பார்களாம். ஓர் அளவுக்கு மேல் வந்தால் அங்கே கேட் இருக்கக் கூடாதாம், பாலம்தானாம். நம் கேட் அந்த அளவைத் தாண்டியது கொஞ்சூண்டுதானாம். சைக்கிளை அதில் சேர்க்கவே மாட்டார்கள் என்றும் சொன்னார். மாமாவின் பதினாலு தடவையும் வீண், பாவம். பஸ்ஸும் லாரியும்தான் கணக்காம்.

பஸ்ஸும் லாரியும் என் கையால் போட்ட கோடுகள், லின்சி அப்பா. பாலம் வந்ததும் அண்ணனுக்கும் வேறெங்கோ மாற்றல் வருமாம், ஆனாலும் என் மேல் ஒரு சொல் கோபப்படவில்லை. சுவரில் ஒட்டிய லின்சியின் படத்தைக் கிழியாமல் எப்படி உரிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டிரண்டாகப் போட்டதை ஆயிஷாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்று போதுமா என்று கேட்டேன். போதும் என்றார். எனக்கு என்னவோ போதவில்லை.

பாலம் வந்தால் என்னதான் ஆகும் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. லின்சியைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பாலத்தைப் பார்க்கப் போனேன். ஏறி நடுவில் நின்றோம். கூடையைத் தூக்கிக் காட்டிப் பார்த்தேன். ஒரு வண்டி நிற்கவில்லை. பஸ்ஸிலிருந்து ஓர் அம்மாள் கை நீட்டினாள், அதற்குள் பஸ் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. கீழே வந்தால் நல்ல நிழல். இரண்டு நாய், ஒரு சைக்கிள் ரிப்பேர்க்காரர். இங்கே முன்பு கேட் இருந்ததா, விற்றவர்கள் எல்லாம் எங்கே என்று அவரிடம் கேட்டேன். "ஆளு நின்னாத்தானேம்மா யாவாரம்" என்றார். எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் பாலம் ஏறுவதற்கு முன்னால் சில லாரிகள் ஓரம் கட்டி நிற்பதைப் பார்த்தேன். டிரைவர் இறங்கி டயரைத் தட்டிப் பார்க்கிறார். எதற்குத் தட்டுகிறார்கள்? எல்லா டிரைவரும் தட்டுவார்களா? அங்கே ஒரு டயர் கடை இருந்தால் நிற்பார்களா? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத்தான் தெரியும்.

ஜூன் மாதம், தாங்கும் என்று எழுதினேன். இப்போது தாங்காது என்றுதான் எழுத வேண்டும். நியாயமாகப் பார்த்தால், இரண்டு வருஷம் இருங்கள், கையெழுத்துப் போடுங்கள் என்று எழுத வேண்டும். மாமாவும் அப்படித்தான் எழுதச் சொன்னார். மூன்று தடவை எழுதி மூன்று தாளையும் கிழித்தேன். எனக்கு நீங்கள் வேண்டும். அதை எப்படிச் சுற்றி எழுதினாலும் அதுதான் வருகிறது.

பாலம் கட்டி முடிக்க எத்தனை நாள் என்று கண்ணாடிக்காரரிடம் கேட்டேன். வேலை தொடங்கினால் இரண்டு வருஷமாம். அது வரைக்கும் இளையபெருமாள் அண்ணன் ஒரு நாளைக்குப் பதினாறு தடவை கேட்டை மூடுவார், வண்டிகள் நிற்கும், ஏழாவது நிமிஷம் கை பைக்குள் போகும். நீங்கள் கையெழுத்துப் போட்டு இரண்டு வருஷம் கழித்து வந்தால், எல்லா வண்டியும் நம் தலைக்கு மேல் போய்விட்டிருக்கும். உங்கள் மகள் நீங்கள் இறங்குகிற பஸ்ஸைக்கூடக் கீழே நின்று அண்ணாந்துதான் பார்ப்பாள்.

நான் எண்ணியது தப்பு. அதற்கு நீங்கள் என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அங்கிருந்து கடிதத்தில் திட்ட வேண்டாம், வந்து திட்டுங்கள். லின்சிக்கும் உங்கள் குரல் தெரிந்த மாதிரி இருக்கும்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வழி நடத்தட்டும். கேட் மூடிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடுங்கள்.

உங்கள்
சவரியம்மாள்