யானை வால்

ஜூலை 7, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. மியூசியத்தில் ஈ, காக்காய் இல்லை. கோவையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது, அதுவும் பாத்ரூம் தேடி.

குழந்தைகள் அறையில் தொட்டுப் பார்க்கும் மேசையைத் துடைத்தேன். காட்டெருமைக் கொம்பு, முள்ளம்பன்றி முள், பாம்புச் சட்டை, எல்லாம் சரி. யானை வால் மட்டும் என்னவோ மாதிரி. போன வாரம் நுனியில் விளக்குமாறு மாதிரி முடி இருந்ததே. பூச்சியா? பூச்சி இப்படி ஒட்ட வெட்டாது. கத்தரி வேலை.

நாளை: அந்துருண்டை. பாப்பாவுக்கு மழைக்கோட்டு.

ஜூலை 8, செவ்வாய்
யானை முடி போட்டால் பயம் போகும் என்று ஊரே நம்புகிறது. ஊட்டி கடைகளில் விற்பது பிளாஸ்டிக். இங்கே அசல், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். விடுவார்களா?

யார்? வருகிற பெற்றோர்கள்? அவர்கள் வரும்போதெல்லாம் நான் பக்கத்திலேயே நிற்கிறேன். பெருக்கும் அக்கா? அவருக்குக் கண்ணே சரியாகத் தெரியாது. புது வாட்ச்மேன் ஜோசப்? தேவர்சோலைக்காரன், பேச்சில் பாதி மலையாளம். சாவி அவனிடம்தான். ம்.

எங்கள் மேடத்திடம் சொன்னேன். இன்னும் குறைந்தால் மேசையோடு எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் பூட்டிவிடுவாராம். பிள்ளைகள் கைபடட்டும் என்று நான் யார் யார் காலிலோ விழுந்து போடவைத்த மேசை.

ஒரு நல்லது. பாப்பா ராத்திரி அலறவில்லை. பள்ளிக்கூட வழியில் காட்டெருமை துரத்தியதிலிருந்து ஒரு நாள்கூட இப்படித் தூங்கியதில்லை. சாமிக்குத் தேங்காய் உடைக்கணும்.

ஜூலை 9, புதன்
மூடுபனி. ஜோசப்பை நோட்டம் விட்டேன். எந்நேரமும் கை சட்டைப் பைக்குள். கேட்டால் குளிர் என்கிறான். வால் பக்கம் குனிந்து பார்த்தான். என்னைக் கண்டதும் நகர்ந்தான். என்னத்துக்கு நகரணும்?

சாயங்காலம் என் வீட்டுக்காரர் டாக்சியோடு கூப்பிட வந்தார். நான் ஜன்னலெல்லாம் சாத்தி வரும்வரை வழக்கம்போலக் குழந்தைகள் அறையில் உட்கார்ந்திருந்தார். ஜோசப் கதையைச் சொன்னேன். "உனக்கு எல்லாருமே திருடனுங்கதான் புள்ள. வண்டியில ஏறு" என்றார்.

ஜூலை 10, வியாழன்
வால் இன்னும் மெலிந்துவிட்டது. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில்!

மேடம் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். நான் ஜோசப் பெயரைச் சொன்னேன். அவனே பைகளை வெளியே இழுத்துக் காட்டினான். ஜெபமாலை, இருமல் மிட்டாய், கைக்குட்டை. "நான் எடுக்கலை சேச்சி" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னான். இன்னும் ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டான். திருட்டு முழி என்று நினைத்தேன்.

சாவி அவனிடம் இருந்ததால், சனிக்கிழமை அதை ஒப்படைத்துவிட்டுப் போய்விட வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். மேசை பிழைத்தது. நிம்மதி.

ஜூலை 11, வெள்ளி
மியூசியம் லீவு. கொஞ்சம் வெயில். பாப்பாவுக்கு எண்ணெய்க் குளியல். இந்தக் குளிருக்கு வாரம் முழுக்கக் கைகால் கழுவுவதோடு சரி. காலையில் அவளுக்கு உடுப்பு மாட்டுவதும் அவங்க அப்பாதான்.

ஸ்வெட்டரைக் கழற்றினால் மேல்கையில் கறுப்பாக ஒரு வளையம். தொட்டுப் பார்த்தேன். நான் தினமும் துடைக்கிற முடி எனக்குத் தெரியாதா?

"அப்பா போட்டுச்சு. உங்கிட்டக் காட்டக் கூடாதுன்னுச்சு."

வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன். கழுவுவதை நிறுத்தவில்லை. பிள்ளை பயம் போகட்டும் என்றுதான் போன வாரம் எடுத்தாராம். டாக்சி ஸ்டாண்டில் இரண்டு பேர் அவர்கள் பிள்ளைகளுக்கும் கேட்டார்களாம், அதனால் புதன்கிழமை மறுபடி. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த ஜோசப்பு பாத்துட்டான். குழந்தைக்குங்கன்னு சொன்னேன். ஒண்ணும் பேசாமப் போயிட்டான்."

பார்த்திருக்கிறான். பையை வெளியே இழுத்துக்கொண்டு என் முன்னால் நின்றபோதும் அவனுக்குத் தெரியும்.

கத்தரியை எடுத்தேன். பாப்பா வளையத்தை மறு கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். "வேண்டாம்மா, எருமை வந்துரும்." கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

மேடத்துக்கு போன் போட்டேன். லீவு நாளில் என்ன என்று கேட்டார். ஜோசப் எடுக்கலைங்க மேடம் என்றேன்.

"அப்புறம் யாரு?"

வாசலில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. சொல்லிவிட்டேன்.