மையவாடி மதிலோரம் நின்ற உங்கள் லொறி

என் ஸஹ்னாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் லொறி ஓடுகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் வேறு எதைச் சொன்னாலும் நீங்கள் காதில் போடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நம் மகள் ஸஹ்னா நன்றாக இருக்கிறாள். பரீட்சைக்குப் படிக்கிறாள், அல்லது படிப்பதாக என்னிடம் சொல்கிறாள். என் தம்பி நௌஷாத் இப்போதும் கொப்பு வெட்ட மரம் ஏறுகிறான். இப்போதும் மெசின்வாளின் செயினை மொட்டையாகவே வைத்திருக்கிறான். அதை அரத்தால் தீட்டிக் கொடுப்பது நான்தான். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு அரத்தை எடுத்துத் தந்தவள், இப்போது அவனுக்கு ஏச்சையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

சவளக்கடையில் ஒரு நெல் மில்லுக்குப் பின்னால், எருக்கலை முளைத்துக் கிடந்த அந்தக் குட்டை லொறியை நீங்கள் கட்டி இழுத்து வந்த நாள் நினைவிருக்கிறதா? மரத் தொழிலுக்கு ஒரு புதுப் பூம் லொறி எடுப்போம், நீட்டுக் கையும் ஆள் நிற்கும் கூடையும் இருக்கும் என்று நௌஷாத் படித்துப் படித்துச் சொன்னான். நீங்கள் கேட்டால்தானே. அந்தக் குட்டை லொறியின் முகத்தில் பூட்டியிருந்த வின்ச்சையே தடவிக்கொண்டு நின்றீர்கள். ஒரு இரும்பு உருளை, அதில் சுற்றிய கம்பிக் கயிறு, எஞ்சின் சுழற்றினால் பாரத்தை இழுக்கும், இறக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“இந்த இரும்புக்கு என்ட வளவுல இடமில்ல” என்றேன். வீடும் அதைச் சுற்றிய வளவும் என் சீதனம் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அது அவ்வளவு அசிங்கமாக இருந்தது.

அதற்கு முன்னர் நீங்கள் ஆடிய கூத்து வேறு. லொறியின் அகலத்துக்கு ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு, ஒரு நுனியை என் கையில் தந்து, அஸர் தொழுத பிறகு ஊரின் சந்துகளை ஒழுங்கை ஒழுங்கையாக அளந்தீர்கள். மதிலோடு மதில் ஒட்டிய ஊர் நம்முடையது. மரத்துக்குப் பக்கத்தில் போக முடியாத மெசினை எடுத்து வளவில் நிறுத்தி அழகு பார்க்கவா என்பது உங்கள் கதை. ஒழுங்கைக்குச் சட்டை தைக்கப் போகிறீர்களா என்று ஆட்கள் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, உங்களுக்கு எப்போதும்போல ஒன்றுமே இல்லை.

ஊரார் அடங்கிக் கிடக்கும் மையவாடிக்கும் கடற்கரைக்கும் நடுவில் உள்ள அந்த ஒடுங்கிய ஒழுங்கையைக்கூட அளந்தோம். நீங்கள் மையவாடி மதிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் தோணிகள் கிடந்த பக்கம்.

“இதுக்குள்ள என்னத்துக்கு லொறி வரப்போகுது?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும் புள்ள. நுனிய இறுக்கிப் பிடி” என்றீர்கள்.

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு லொறி வளவிலேயே நின்றது. வின்ச்சைப் பிடிக்க ஆள் இல்லாமல் நௌஷாத் கைக்கயிற்றால் முடிந்த சின்ன வேலைகளை மட்டும் எடுத்தான். லொறியை விற்றுவிடுவோம் என்று ஜாடைமாடையாகச் சொல்லவும் தொடங்கினான். நானோ வெளியே போகாமல் இத்தா இருந்த நாட்களிலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னர் வளவுக்குள்ளேயே எஞ்சினைப் போட்டு ஓடவிட்டேன். கடல் காற்றின் உப்பு உங்களுக்குத் தெரியாததா? நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, கம்பிக் கயிற்றுக்கு ஒயில் பூசி வைத்தேன்.

கயிற்றைத் துணியால் உருவிப் பார்க்கும் வழக்கத்தையும் விடவில்லை. கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் துணியின் நூல் அதில் பிடித்துவிடும். நீங்கள் கையில் எது கிடைக்கிறதோ அதால் உருவுவீர்கள், என் நல்ல ஷால் ஒன்றும் அப்படித்தான் போனது. நானோ நீங்கள் உடுத்த பழைய சாரனைக் கிழித்து வைத்திருக்கிறேன். அதற்குக் கோபிக்க வேண்டாம்.

இனி நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

மையவாடியின் கிழக்கு மூலையில், மதிலோடு நிற்கும் அந்த வாகையை உங்களுக்குத் தெரியும். கடல் ஏறி வந்த அன்றும் விழாமல் நின்ற மரம். இந்த மாரியில் அடித்த காற்றில் அதன் பெரிய கொப்பு, கிளை பிரியும் கவட்டோடு பிளந்துவிட்டது. ஒரு முழு மரத்தின் பருமன், ஒரு பக்கத் தோலில் தொங்கிக்கொண்டு நின்றதாம். விழுந்தால் அந்தப் பக்கத்தில் அடக்கியவர்களின் கப்ருகள் எல்லாம் நொறுங்கும். அதற்கு நேர் கீழே இருப்பது உங்கள் கப்ரு.



பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் வீட்டுக்கே வந்தார். வெளியூரிலிருந்து ஒரு பெரிய பூம் லொறியைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வாசல் பக்கத்தால் போவதென்றால் கப்ருகளின் மேலால் ஏற வேண்டும், அதை யார் விடுவார்கள்? ஒழுங்கைப் பக்கத்தால் போக அது திரும்பவே இல்லை. வந்த வழியே பின்னுக்குப் போய்விட்டதாம். நௌஷாத் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மரத்தை வெட்டத் தேவையில்லை, அந்தக் கொப்பை மட்டும் எடுத்தால் மரம் பிழைக்கும், ஆனால் ஒரு குச்சியும் கீழே விழாமல் தொங்கவிட்டுத்தான் இறக்க வேண்டும் என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். இருவருமே லொறியைப் பார்த்தோம்.

அன்றே கயிற்றை முழுக்க இழுத்துப் போட்டு உங்கள் சாரன் துணியால் உருவினேன். கொக்கிக்குக் கிட்ட வந்ததும் நூல் பிடித்தது. ஒரு தரமல்ல, மறுபடி மறுபடி அதே இடத்தில். வழக்கமாக நான் உருவாமல் விட்ட கொக்கியின் இடுக்கில் உப்பு இறங்கித் தின்றிருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி எறிந்து, நல்ல இடத்தில் கொக்கியைப் பூட்டினோம். கயிறு கட்டையாகிவிட்டது. கடற்கரை ரோட்டில் நின்று இழுக்கலாம் என்று போட்ட கணக்கு பிழைத்தது. இனி லொறி மதிலோரமே போக வேண்டும், அந்த ஒழுங்கைக்குள்.

நீங்கள் அளந்த அந்த ஒழுங்கைக்குள், ஸஹ்னாவின் வாப்பா. தோணிகளை ஒதுக்கி வைத்தார்கள். உங்கள் குட்டை லொறி அதற்குள் போனது. இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை இடம் விட்டு, யாரோ அளவெடுத்துத் தைத்ததுபோலப் போனது. ஸுப்ஹானல்லாஹ் என்றேன். முடிச்சுப் போட்ட அந்தக் கயிற்றோடு நீங்கள் சாய்ந்து நின்ற இடத்தில்தான் லொறியின் கதவு வந்து நின்றது.

வின்ச்சின் பிரேக்கைப் பிடிக்க ஒரு டிரைவரை அழைத்திருந்தான் நௌஷாத். வெறும் கொக்கியோடு இறக்கிப் பார்த்தபோதே அவர் லீவரை முழுதாகத் தட்டிவிட்டார், கொக்கி தடதடவென்று விழுந்தது. அது அரைவாசி விட்டு, பொறுத்து, மறுபடி விட வேண்டிய பிரேக் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கிறீஸ் பூசிப் பூசி அதன் சத்தம் எனக்குத் தெரியும். நான் பிடிக்கிறேன் என்றேன்.

எல்லோரும் மரைக்காரைப் பார்த்தார்கள். அவர் மதிலையும் லொறி நின்ற ஒழுங்கையையும் பார்த்தார்.

“லொறி நிக்கிறது ரோட்டுலதானே. நீங்க ஏறுங்க தங்கச்சி, பிஸ்மி சொல்லித் தொடங்குங்க” என்றார்.

பெண்கள் நாங்கள் மையவாடிக்குள் போவதில்லை. உங்களைத் தூக்கிப்போன ஜனாஸாவையும் வீட்டு வாசல் வரைதான் பார்த்தேன். மதிலுக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று அன்றும் எனக்குத் தெரியாது, லொறிக்குள் இருந்தபோதும் தெரியவில்லை. கம்பிக் கயிறு என் முன்னாலிருந்து கிளம்பி, மரத்தின் நல்ல கவட்டில் கட்டிய கப்பியில் ஏறி, மதிலுக்கு மேலால் உங்கள் பக்கம் இறங்கியது. அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நௌஷாத்தின் குரலையும் வின்ச்சின் சத்தத்தையும் வைத்து வேலை செய்தேன்.

மெசின்வாள் நின்றது. பாரம் முழுவதும் கயிற்றில் வந்தது. லொறியின் மூக்கு மேலே எழும்பப் பார்த்தது, பின்னால் தென்னையோடு கட்டிய சங்கிலி விறைத்தது. அப்போது நான் பயந்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தக் கை வழுக்கினால் உங்கள் மேலேதான் விழும். ஆனால் பிரேக் பிடித்தது. நீங்கள் பூட்டிய பிரேக் அந்த மலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“ராத்தா, விடுங்க” என்றான் நௌஷாத் மேலிருந்து. அரைவாசி விட்டேன். “பொறுங்க.” பொறுத்தேன். கீழே நின்றவர்கள் கைக்கயிற்றால் கொப்பை மதிலுக்கு இப்பால் இழுத்தார்கள். வானத்தை மறைத்துக்கொண்டு அது என் கண்ணாடிக்கு முன்னால் வந்தபோதுதான் அதன் பருமனைக் கண்டேன். இத்தனை பெரியதா உங்கள் மேல் தொங்கியது? லொறிக்கு முன்னால் ஒழுங்கை மணலில் அதை இருத்தியபோது ஒரு சத்தமும் எழவில்லை.

நௌஷாத் இறங்கி, உள்ளே நடந்து பார்த்துவிட்டு வந்து லொறியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஒரு மீசான் கல்லும் அசையல்ல ராத்தா. மச்சான்ட தலமாட்டுல ரெண்டு இல விழுந்து கிடந்துச்சு. நான் எடுக்கல்ல, இரிக்கட்டும்.”

அப்போதுதான் அழுதேன். லொறியை விற்பது பற்றி அவன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கயிற்றைக் கழுவினேன். பிறகு உங்கள் சாரன் துணியை எடுத்து, கொக்கியிலிருந்து உருளை வரை மெல்ல உருவினேன். உங்கள் மேலால் போய்வந்த கயிறு அது. துணி எங்கும் பிடிக்கவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். அந்த லொறி என் வளவில்தான் நிற்கும். வெள்ளிக்கிழமைகளில் எஞ்சின் ஓடும், உப்பு அதைத் தின்ன நான் விடமாட்டேன். ஒழுங்கைப் பக்கம் வின்ச் சத்தம் கேட்டால் வேறு யாரோ என்று நினைக்காதீர்கள்.

கயிற்றின் மற்ற நுனியை இன்னும் விடாமல் பிடித்திருக்கும்,
ஸஹ்னாவின் உம்மா