ரெட்டைக் கார்புரேட்டரும் ஒரு ஜோடிச் செருப்பும்

இன்று காலை உன் வண்டியைக் கழுவினேன். பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை, கைக்குள் அடங்கிவிடும் போலிருக்கும் அந்தச் சின்னச் சக்கரங்கள், எல்லாவற்றையும் நீ சொன்ன வரிசையிலேயே கழுவினேன். கூரையில் தொடங்கிச் சக்கரத்தில் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மண் மேலே ஏறும் என்பாய். முன்னிருக்கையின் கீழே ரப்பர் விரிப்பில் செம்மண் அப்பிய செருப்புத் தடம் ஒன்று காய்ந்து கிடந்தது. ஈரத்துணியோடு குனிந்தவன் அதை மட்டும் தொடாமல் நிமிர்ந்துவிட்டேன். காரணத்தை உனக்குத்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும், "செருப்புத் தடத்துல என்னா இருக்கு?" என்பார்கள்.

நீ இந்த வண்டியை வாங்கப்போவதாகச் சொன்ன அன்று உன்னோடு சண்டை போட்டேன். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொடி மாறியிருந்தது. உன் அப்பா பால் வெட்டிய ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை மாறவில்லை, கணக்கெழுதும் கிராணி மாறவில்லை, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தின் கூரையில் ஒரு தகரம்கூட மாறவில்லை. துரையின் கார் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும், தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அந்தச் சட்டமும் மாறவில்லை. அதை யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்போம்.

நீ அந்த லயத்திலிருந்து படித்து வெளியே வந்தவன். பொதுப்பணி இலாகாவில் வரைபடம் போடும் வேலை, மலாக்கா டவுனில் காஜா பேராங்கில் ஒரு வாடகை வீடு. நான் அதே தெருவில் குடியிருந்த தற்காலிகத் தமிழ் வாத்தியார். பகலில் பாடம், மாலையில் தொழிற்சங்கத்துக்குத் துண்டறிக்கை. முனியாண்டி கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நீ மெதுவாகச் சொன்னாய், "மினி கூப்பர் எடுக்கப்போறேன்டா. ரெட்டைக் கார்புரேட்டரு, பறக்கும்."

"லயத்துல ஒழுங்கா ஒரு தண்ணிக் கொழாய் இல்ல. ஒனக்கு ரெட்டைக் கார்புரேட்டர் கேக்குதா?"

"கொழாய் வரட்டும். அதுக்கு நீ சண்ட போடு, நானும் வரேன். இது வேற."

"என்னா வேற?"

"அப்பாவ ஒக்கார வெச்சு அந்தத் தோட்டத்து ரோட்டுல ஓட்டணும். தொரை எதிர்ல வரணும். அப்பா எறங்கக் கூடாது. அவ்வளவுதான்."

"அதுக்கு ஒரு பழைய மோரிஸ் போதாதா?"

நீ தேத்தண்ணீரை ஊதிக்கொண்டே சிரித்தாய். "தொரை வெச்சிருக்கறதவிட நல்ல காடியா இருக்கணும்லா. அவரு திரும்பிப் பாக்கணும்."

கார் விற்கிற கடையில் விற்பனைக்காரர் நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்த முதலாளிக்காக வண்டி எடுக்க வந்திருக்கிறோம் என்று கேட்டது நினைவிருக்கிறதா? எனக்கு ரத்தம் கொதித்தது. நீ அமைதியாக, "முதலாளி தோட்டத்துல இருக்காரு, வயசானவரு, அவருக்குத்தான்" என்றாய். அவர் உடனே நாற்காலி போட்டார். உனக்கு நாலு கதவு வைத்த குடும்ப வண்டியைக் காட்டினார், அதற்கடுத்து இன்னொன்றைக் காட்டினார். நீ மூலையில் நின்ற இதன் முன்மூடியைத் தூக்கச் சொன்னாய். உள்ளே எஞ்சின் குறுக்குவாட்டில் படுத்துக் கிடந்தது. அந்தச் சின்ன இடத்துக்குள் அத்தனையையும் அடக்கியவன் யாரோ, அவனுக்கு ஒரு கும்பிடு என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் சண்டை அந்த இடத்திலேயே பாதி செத்துவிட்டது.

வண்டிக்குக் கோயிலில் பூசை போட்டோம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, உனக்கும் பெரிதாகக் கிடையாது. ஆனாலும் நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நீ எடுத்த எடுப்பில் மூன்று பழம் நசுங்கியது, நாலாவது நழுவி உருண்டு கால்வாயில் விழுந்தது. கூட்டம் சிரித்தது. ஐயர், "பேரு, நட்சத்திரம் யாருக்குச் சொல்லட்டும்?" என்றார். நீ உன் அப்பாவின் பெயரைச் சொன்னாய்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்குப் பொறுக்கவே இல்லை. மலாக்கா டவுனிலேயே வேகமான சின்ன வண்டியை வாங்கிவிட்டு, பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று ஓர் அட்டையை ஒட்டிக்கொண்டு நீ ஊர்ந்தாய். புது எஞ்சினை முதல் சில நூறு மைல்கள் விரட்டக் கூடாதாம். உஜோங் பாசிர் பஸ் நம்மைத் தாண்டியது. மீன் லாரி தாண்டியது. வாழைத்தார் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி குடும்பத்துப் பெரியம்மா, பல தலைமுறைக்கு முன் வந்து தமிழை மறந்த கூட்டம், வீட்டில் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வாய் நிறைய மலாய் பேசுகிறவர், வேலியோரம் நின்று கத்துவார்: "தம்பி, என் வாத்து இதைவிட வேகமா நடக்கும். வேணும்னா கட்டி இழுத்துக்கோ!" தம்பி என்பது மட்டும் தமிழ், மீதியெல்லாம் மலாய். நீ கையாட்டிச் சிரிப்பாய்.

"அமுக்குடா ஒரு தடவ" என்று நான் பல்லைக் கடிப்பேன்.

"பொறு. உள்ள எல்லாம் புதுசு. ஒண்ணோட ஒண்ணு ஒரசிப் பழகணும். இப்ப ஆத்திரப்பட்டா ஆயுசுக்கும் பொகை தள்ளும்."

அந்த மாதிரி நேரங்களில் உன்னை ஒரு கோழையென்று நினைத்தேன். நேராகவே சொல்கிறேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அட்டையோடுதான் முதல் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனோம். லயமே திரண்டு வந்து வண்டியைத் தொட்டுப் பார்த்தது. உன் அப்பா புது வேட்டி கட்டியிருந்தார். நான் பின்னால் மடங்கி உட்கார்ந்தேன், அவர் முன்னால் ஏறினார். பாதித் தூரம் போனதும் அவர் காலைப் பார்த்தேன், வெறுங்கால். கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி ஜப்பான் சிலிப்பரை வாசலில் கழற்றி வைத்துவிட்டு ஏறியிருக்கிறார். நாம் செருப்பை லயத்து வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

"ஏம்பா கழட்டுனீங்க?"

"கீழ ரப்பரு புதுசா இருக்குய்யா. அழுக்காயிரும்."

"ரப்பர் ஒங்க மரத்துலேர்ந்து வந்ததா இருக்கும்பா. மிதிங்க" என்றாய். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் வளைவில் துரையின் கார் வந்தது. நான் முன்னிருக்கையைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். இதற்காகத்தானே எல்லாம். உன் அப்பா, "தொரை வராரு, நிப்பாட்டு" என்றார். நீ பிரேக்கைத் தொட்டாயோ இல்லையோ, கதவைத் திறக்கத் தொங்கும் கயிற்றை அவர் இழுத்துவிட்டார். வண்டி நிற்கும் முன்பே இறங்கி, செம்மண் ரோட்டில் வெறுங்காலோடு, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். சைக்கிளிலிருந்து இறங்குகிற அதே இறக்கம். அவர் மகனுடைய காரிலிருந்து இறங்கி நின்றார்.

துரை திரும்பிப் பார்த்தார். நீ ஆசைப்பட்டதில் அது மட்டும் நடந்தது. காரை நிறுத்தி, ஆங்கிலத்தில், இது அந்த ரெட்டைக் கார்புரேட்டர் வண்டிதானே, மலையேற்றத்தில் எப்படி, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்காமே என்றெல்லாம் உன்னிடம் கேட்டார். பக்கத்தில் நிற்கிற மனிதரைப் பார்க்கவே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் அவருடைய மரத்தில் பால் வெட்டியவர்.

"இது என் அப்பாவின் வண்டி. அவரைத்தான் கேட்க வேண்டும்" என்று நீயும் ஆங்கிலத்தில் சொன்னாய், கையால் காட்டினாய். துரை அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்.

உன் அப்பா துண்டைக் கையில் வைத்தபடியே திரும்ப ஏறினார். "என்னாத்துக்குய்யா அப்படிச் சொன்ன? நாளைக்குக் காலையில பெரட்டுல பேரு கூப்புடறப்ப கிராணி என்னயத்தான கேப்பாரு?"

நான் பொங்கிவிட்டேன். "அவன் நாட்டவிட்டே போற காலம் வந்துருச்சு, நீங்க இன்னும் எதுக்கு எறங்குறீங்க?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நான் எறங்கல தம்பி. காலு எறங்கிருச்சு."

நீ பின்னால் கைநீட்டி என் முழங்காலை அழுத்தினாய். சும்மா இரு என்று அர்த்தம்.

அட்டையைப் பிய்த்த நாளில் கிளேபாங் கடற்கரைச் சாலையில் என்னை உட்காரவைத்து ஓட்டினாய். வெயில் ஏறாத காலை. ஓணான் வேலியில் பாய்வது மாதிரி விருட்டென்று கிளம்பியது. இரண்டாவது கியரில் எஞ்சின் கத்திய கத்தல் என் முதுகெலும்பில் ஏறியது. வளைவுகளில் எல்லா வண்டியும் சாய்ந்து தயங்கும். இது நாலு சக்கரத்தையும் நாலு மூலையில் ஊன்றிக்கொண்டு, நீ பார்த்த திசைக்குத் தானாகப் போனது. நம்மை முந்திய அந்த மீன் லாரியை, அதே லாரிதான், நீ ஒரு மூச்சில் தாண்டினாய். நான் கத்தினேன். துண்டறிக்கை எழுதுகிறவன் குழந்தை மாதிரிக் கத்தினேன். வேகம் பணக்காரனுடைய சொத்து இல்லை என்று அன்று உடம்பால் புரிந்துகொண்டேன்.

உன் அப்பாவையும் அந்தச் சாலைக்குக் கூட்டிப் போனாய். அங்கே அவர் வேறு ஆள். கண்ணாடியை நகர்த்தி முகத்தைக் காற்றுக்குக் கொடுப்பார். "இன்னுங் கொஞ்சம் அமுக்குய்யா" என்பார். பத்து பெரெண்டாம் விமானத் திடல் பக்கம் ஆகாயக் கப்பல் இறங்குவதைப் பார்த்தால், அதோடு பந்தயம் விடச் சொல்வார். திரும்பித் தோட்டத்து வாசலுக்குள் நுழைந்ததும் சுருங்கிப் போவார். துரையின் கார் வந்தால் கயிற்றை இழுப்பார், இறங்குவார், நிற்பார். செருப்பு மட்டும் லயத்து வாசலில் கிடக்கும்.

ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. நீ ஒரு தடவைகூட அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் கயிற்றைத் தொடுமுன் வண்டியை நிறுத்திவிடுவாய், விழுந்துவிடக் கூடாதென்று. எனக்குத்தான் வெறுத்துப் போனது. "இவ்வளவு வேகமான வண்டிய வாங்கிட்டு, அந்தத் தொரைக்காக நிப்பாட்டிக்கிட்டே இருக்கியேடா!"

"ஓடறதுக்கு மட்டுமா காசு குடுத்தேன்? நல்ல பிரேக்கும் இருக்கு." வழக்கமான சிரிப்பு. அடுத்து, சிரிக்காமல் சொன்னாய்: "நான் சொல்லி அவரு எறங்காம இருந்தா, தொரைக்குப் பதிலா நான் தொரை. அவரா எறங்காம இருக்கணும். எஞ்சின் மாதிரிதான்டா. பழகட்டும்."

அடுத்த ஞாயிறும் பின்னிருக்கையில் மடங்கி உட்கார்ந்தேன்.

உன் சாவு வீட்டில் பாதிப்பேர், "வேகம் கொன்னுருச்சு" என்று பேசிக்கொண்டார்கள். சின்ன வயசு, வேகமான வண்டி, அவர்களுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. மஞ்சள் காமாலை என்று வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சண்டை போட்டேன். ஆஸ்பத்திரியில் பழுத்த இலை மாதிரிக் கிடந்தாய். அப்போதும், "ஞாயித்துக்கெழம அப்பாவ வுட்டுறாத" என்றாய். காரியம் முடிந்ததும் அவர் சாவியைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து என் கையில் வைத்தார். விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, "அது எம்பேர்ல பூச போட்ட வண்டி" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். உன் வீட்டுக்கு வந்துவிடும்படி, நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அழைத்தேன். வரவில்லை. தோட்டத்தில் உன் அம்மாவைப் புதைத்த இடம் இருக்கிறது என்றார்.

போன ஞாயிறு மழை. லயத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் குடையை மடக்கி உள்ளே வைத்தார். ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தியபிறகுதான் பார்த்தேன், காலில் செருப்பு. சேறும் செம்மண்ணுமாக உன் ரப்பர் விரிப்பில் ஊன்றி இருந்தது. பார்க்காதவன் மாதிரி வண்டியைக் கிளப்பினேன். உன்னிடம் கற்ற ஒன்றே ஒன்று அதுதான்.

அதே வளைவு. அதே கார். அவர் கை கயிற்றுக்குப் போனது, விரல்கள் அதைப் பிடித்தன. உன் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது, பிரேக்கைத் தொட்டேன். வண்டி தளர்ந்தது.

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏன் தம்பி மெதுவா போற? எஞ்சின்தான் பழகிருச்சுல்ல?"

கயிறு அவர் கையிலிருந்து நழுவி ஆடியது. நான் மூன்றாவது கியரைப் போட்டேன். நம் வண்டி சின்னது, ரோடும் அவ்வளவு குறுகல் இல்லை. துரையும் போனார், நாமும் போனோம். அந்த ரோட்டில் இரண்டு பேருக்கும் எப்போதும் இடம் இருந்திருக்கிறது. துண்டு அவர் தோளிலேயே கிடந்தது. கொஞ்ச தூரம் போனபின், "கொடைய பின்னால வெச்சனா?" என்று கேட்டார். வைத்திருந்தார்.

திங்கட்கிழமைப் பெரட்டில் கிராணி கேட்டிருக்கிறார், கண்ணு தெரியலையா என்று. "தெரிஞ்சுதுங்க. மவன் வண்டியில இருந்தேன்" என்று சொன்னாராம். என்ன செய்வார்கள் என்று தெரியாது. லயத்தைவிட்டு அனுப்பினால் காஜா பேராங்கில் உன் கட்டில் இருக்கிறது. என் கோபம் குறையவில்லை, துண்டறிக்கையும் நிற்கவில்லை. ஆனால் எழுத உட்காரும்போது, யாரையும் இறங்காதே என்று அதட்டுகிற வரி வந்தால் அடித்துவிடுகிறேன்.

வண்டி காய்ந்துவிட்டது. பளபளவென்று நிற்கிறது, நீ பார்த்தால் ஒரு குறை சொல்லமாட்டாய். விரிப்பைத் தவிர.