பிறைக்கும் ஏணிக்கும் நடுவில்

2025 பெப்ரவரி 7, வெள்ளி

நான் சொல்கிறேன், மஸீஹா எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து இப்படித்தான்.

ஜும்ஆ முடிந்து ஆஸ்டின் காரில் நாவுலைக்குப் போனோம், அவள் தங்கச்சி வீட்டுக்கு. பாதி வழியில் சூடு காட்டும் முள் ஏணிக்குப் போய்விட்டது. அந்த வட்டத்தின் ஒரு முனையில் பிறை மாதிரி எழுத்து, மறுமுனையில் ஏணி மாதிரி. பிறை என்றால் குளிர், ஏணி என்றால் கொதி. பெட்ரோல் வட்டத்தில் சீப்பு என்றால் காலி, சாவி என்றால் நிறைவு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இதுதான் பாஷை.

எழுபத்தெட்டில் வாங்கிய கார். பின்சீட் நிறையப் பலாப்பழம் ஏற்றிப் போன அன்றுகூட நாவுலை ஏற்றத்தில் முள் நடுவில்தான் நின்றது. இப்போது ஏன் நடுரோட்டில் நிறுத்தி ஆறவைக்க வேண்டி வந்தது?

பெப்ரவரி 8

மெக்கானிக் பஸ்லி எஞ்சின் தண்ணீரை அடைத்துவைக்கும் வால்வைக் கழற்றிவிட்டான். "இனிக் கொதிக்காது, நானா" என்றான், அண்ணன் முறை வைத்து.

மகன் யஹ்யா வந்தான். சீகிரியாவில் ஒரு ஹோட்டல்காரர் காரைக் கேட்கிறாராம், வாசலில் நிறுத்திவைக்க.

"பூச்சட்டி மாதிரியா?"

"உம்மாவ நடுரோட்டுல வெச்சிக்கிட்டு நிக்கிறத விட அது நல்லம் வாப்பா."

அது குத்தியது. இன்னொரு தரம் முள் ஏணிக்குப் போனால் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

பெப்ரவரி 14, வெள்ளி

போய்விட்டது. ஏணிக்கு.

அதே ஏற்றத்தில். நான் நிறுத்தாமல் ஓட்டினேன். மஸீஹாவும் பார்த்துவிட்டாள். பிறகு கார் இருமி, இருமி, நின்றேவிட்டது. எஞ்சின் எரிந்துபோச்சு, அவ்வளவுதான் என்று பொனட்டைத் திறந்தேன். ரேடியேட்டரில் கை வைத்தேன் — ஆறிப்போன பிளேன்டீ மாதிரி இருந்தது.

பெட்ரோல் தாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்தேன். காய்ந்த குச்சியாகவே வந்தது. முள்ளோ கால் தாங்கி இருக்கிறது என்கிறது!

மஸீஹா சொன்னாள்: "ஒரு முள்ளு பொய் சொன்னா அது அந்த முள்ளோட பழுது. ரெண்டும் சேந்து பொய் சொல்லுதுண்டா, ரெண்டுக்கும் ஒரே ஆள்தான் சொல்லிக் குடுத்தீக்கணும்."

(இதை எழுதும்போது சிரிக்கிறாள். எழுது, எழுது.)

பெப்ரவரி 15

அவள் சொன்னதை அப்படியே பஸ்லியிடம் சொன்னேன். "மதினிய கராஜுக்கு அனுப்புங்க, நீங்க வீட்டுல சமைங்க" என்றான்.

முள்ளுகளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. இரண்டு முள்ளுக்கும் அதுதான் கரண்டை அளந்து விடுகிறது. டாஷ்போர்டுத் தகட்டோடு ஒட்டியிருந்தால்தான் அதற்கு எர்த்; இல்லாவிட்டால் அளக்காமல் விட்டு இரண்டு முள்ளையும் மேலே தள்ளிவிடும். இடையில் பளபளவென்று பெயின்ட். போன மாதம் யஹ்யா ஆசையாக அந்தத் தகட்டைக் கழற்றி, முன்னும் பின்னும் அடித்த பெயின்ட்! பஸ்லி சுரண்டினான். வால்வையும் திரும்பப் பூட்டினான்.

மாலையில் யஹ்யா கேட்டான்: "சொன்ன சொல்லு என்ன வாப்பா? முள்ளு ஏணிக்குப் போனிச்சு தானே?"

"பொய்ச்சாட்சிய வெச்சுத் தீர்ப்புக் குடுக்க ஏலாது மகன். சாட்சிக்குப் பெயின்ட் அடிச்சதும் நீங்க."

கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஹோட்டல்காரருக்குப் போன் எடுத்து, கார் கிடைக்காது என்றான்.

பெப்ரவரி 21, வெள்ளி

நாவுலை. தங்கச்சி வீட்டில் கத்தரிக்காய்ப் பால்கறி. ஏற்றத்தில் முள் பிறைக்கும் ஏணிக்கும் நடுவில். திரும்பும்போது மற்ற முள் சீப்பில்.

நம்பினேன். பெட்ரோல் அடித்தேன்.