அம்மாவின் குரலில் பேசும் கப்பல்

மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் நன்றாகத்தான் இருப்பாய், பார்க்கிறவர்கள் எல்லாம் உன் தொடரைப் பற்றியே பேசும்போது உனக்கென்ன குறைச்சல். போனில் நான் குரலை உயர்த்தினால் "அப்பா, மீட்டிங் இருக்கு"ன்னு வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். நடுவில் நிறுத்தாமல் முழுக்கப் படி.

நாங்கள் அந்தக் காலத்தில் எடுத்த விண்கப்பல் தொடரை நீ புதிதாக எடுத்திருக்கிறாயே, அதை ஞாயிற்றுக்கிழமைதோறும் கீழ்வீட்டுச் சலூன்காரர், அவர் மனைவி, உன் அத்தை எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தோம். முதல் வாரம் ஒன்றுமே தெரியவில்லை. டிவிதான் போச்சு என்று நினைத்து மறுநாள் மெக்கானிக்கை வரவழைத்தேன், அவர் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சார், டிவி நல்லாத்தான் இருக்கு, அவங்க எடுத்த படம்தான் இருட்டு"ன்னு சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார், எனக்கு மானம் போனது. கப்பலுக்குள் ஒரு பல்பு போடக்கூடவா உங்களுக்கு வக்கில்லை? ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை, எல்லோரும் பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிற மாதிரி கிசுகிசுக்கிறார்கள், தளபதி வாரா வாரம் ஒரு மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறார். எங்கள் கப்பல் அட்டையும் தகர டப்பாவும்தான், ஒத்துக்கொள்கிறேன். கப்பல் குலுங்கவேண்டும் என்றால் கேமராக்காரர் கேமராவை ஆட்டுவார், நடிகர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாயவேண்டும், எங்கள் தளபதி மட்டும் தவறாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்து திட்டு வாங்குவார். ஆனாலும் அவர் வந்தால் வீட்டில் பிள்ளைகள் கை தட்டும். உன் தளபதியைப் பார்த்தால் ஒரு கப் காபி போட்டுக் கொடுத்துப் படுக்கச் சொல்லலாம் போல இருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நாலாவது வாரம் அந்தக் கப்பல் வாயைத் திறந்தது பார், என் கையிலிருந்த தம்ளர் நழுவிவிட்டது. உன் அம்மாவின் குரல். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இரண்டு வருஷமாக அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை, ஆமென்றால் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு, இல்லையென்றால் இரண்டு, விடாமல் தட்டினால் வாயை மூடு என்று அர்த்தம், அப்படித்தான் நாங்கள் குடித்தனம் நடத்துகிறோம். அப்படிப்பட்டவள் எதிரே பேசாமல் உட்கார்ந்திருக்க, அவள் குரல் டிவியிலிருந்து வருகிறது. சலூன்காரர், "அக்கா, அப்படியே உங்க குரலாட்டமே இருக்கே!"ன்னு துள்ளினார். அவர் துள்ளி முடிப்பதற்குள் அந்தக் கப்பல், வெளியே மாட்டிக்கொண்ட விமானிப் பெண் கதவைத் தட்டத் தட்டத் திறக்காமல், "நீ உள்ளே வரவேண்டிய அவசியம் இல்லை" என்று சொல்லி அவளைச் சாகவிட்டது. உன் அம்மாவின் குரலில்! பழைய தொடரிலும் கப்பலுக்கு அவள்தான் குரல், யாரையாவது அப்படிப் பேசியதுண்டா? "பிள்ளைகளா, பத்திரமா பிடிச்சுக்கோங்க" என்று சொல்லும் கப்பல் அது. சலூன்காரர் மனைவி டிவியை அணைத்துவிட்டாள். உன் அம்மா எழுந்துபோய்த் திரும்பப் போட்டாள், அதிர்ச்சியில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறாள் என்று நினைத்தேன்.

எல்லாம் நம் பழைய தொடரின் ஒலிநாடாக்களிலிருந்து எடுத்ததுதானே? போன தடவை வந்தபோது, "பூஞ்சை பிடிக்குதுப்பா, சுத்தம் பண்ணித் தர்றேன்"னு நைச்சியமாகப் பேசி அலமாரியிலிருந்து பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனாய். ஒலிப்பதிவு செய்தவன் நான், அட்டைக் கப்பலில் எதிரொலி வராது என்று உன் அம்மாவை ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் முகத்தை விட்டுப் பேசவைத்தவன் நான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பேச முடியாத பெற்றவளின் குரலை, அதே மாதிரி பேசிக்காட்டும் மெஷினுக்குத் தின்னக் கொடுத்து, அவள் சொல்லாததை எல்லாம் சொல்ல வைக்கிறாயே, உனக்கு நெஞ்சு இருக்கிறதா? அடுத்த வாரத்திலிருந்து அந்தக் குரல் வரக்கூடாது. வந்தால் உன்னைத் தலைமுழுகிவிடுவேன், வீட்டு வாசற்படி மிதிக்காதே.

இதுவரைக்கும் காலையில் எழுதினேன். எழுதியதை இரண்டு பேரும் கேட்டபிறகுதான் தபாலில் சேர்ப்பது இந்த வீட்டு வழக்கம் என்று உனக்குத் தெரியும், அதனால் அடுப்படியில் போய் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். தட்டில் இரண்டு தட்டு. ஏன் என்றேன், மறுபடி இரண்டு தட்டு. பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவள் தன் போனை எடுத்து வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நீங்கள் இரண்டு பேரும் மாசக்கணக்கில் எழுதிக்கொண்டது அத்தனையும் இருந்தது. நீ முறையாகக் கேட்டிருக்கிறாய், அவளும் சரி என்றிருக்கிறாள். சரி என்றதோடு விட்டாளா, இந்த இடத்தில் மூச்சு விடச் சொல், இங்கே அவசரப்படுகிறது என்று மெஷினுக்கே பாடம் எடுத்திருக்கிறாள். கதவு திறக்காத காட்சியில், "இன்னும் ஈரமில்லாம சொல்லணும், காலம் பூரா தேனொழுகப் பேசிப் பேசி அலுத்துப் போச்சு"ன்னு எழுதியது உன் அம்மா! அப்பாவிடம் சொல்லாதே, குதிப்பார் என்றும் எழுதியிருக்கிறாள். கூட்டுக் களவாணிகள். நான் அசடு வழிய நின்றேன், அவள் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள்.

சரி, குரல் அவளுடையது, அவள் இஷ்டம். தலைமுழுகுவேன் என்றதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இருட்டைப் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மாற்றமில்லை, என்னிடம் மறைத்ததற்கான கோபமும் அப்படியே இருக்கிறது.

இனி எழுதுவதை அவளிடம் வாசிக்கப்போவதில்லை. அந்தப் பெட்டியை உடனே அனுப்பு. கம்ப்யூட்டரில் சுத்தம் செய்த பிரதி இருக்கிறது, அதையே தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. உன் ஆட்கள் கப்பலின் வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டித் தள்ளியிருப்பார்கள். ஒவ்வொரு வசனமும் முடிந்ததும் அவள் டின்னிலிருந்து தலையை வெளியே எடுத்து, இருமி, என்னைப் பார்த்து, "என்னங்க, சரியா வந்துதா?" என்று கேட்பாள். சில நாடாவில் என்னைத் திட்டுவாள், ஒன்றில் நீ வயிற்றில் உதைக்கிறாய் என்று சொல்லிப் பதிவையே நிறுத்திவிட்டாள். அவள் கடைக்குப் போகும் நேரத்தில் நான் அதைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது வாயைத் திறந்து சொல்ல வெட்கமாக இருந்தது. கப்பல் பேசுவதை ஊரே கேட்கட்டும், நடுவில் இருப்பது எனக்குச் சொன்னது.

தீர்க்காயுசாக, பேரும் புகழுமாக இரு. நாடாக்களைத் துணியில் சுற்றி அனுப்பு, காந்தம் உள்ள ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதே. ஒன்றையும் வெட்டியிருக்கக் கூடாது, இருமலைக்கூட.

இப்படிக்கு,
கோபம் தீராத அப்பா